காரில் ராத்தங்க என்னென்ன வாங்கலாம்?

கேள்வி: நாங்கள் கோபிசெட்டிபாளையத்தில் இருக்கிறோம். கணவர், நான், 13 வயது மகன், 8 வயது மகள். முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் எங்கள் 7 சீட் காரில் திம்பம் மலைப்பாதை வழியாக மைசூரு, சித்ரதுர்கா, ஹம்பி போய்வரத் திட்டம். மொத்தம் ஐந்து ராத்திரி. இரண்டு ராத்திரி லாட்ஜில் தங்கிவிட்டு, மீதி நாள் பின் சீட்டுகளை மடக்கிக் காரிலேயே படுக்கலாம் என்று நினைக்கிறோம். மகன் ஆன்லைனில் பார்த்து ஒரு பட்டியல் போட்டிருக்கிறான்: கார் கெட்டில், மினி ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், காற்று மெத்தை, சின்ன கேஸ் அடுப்பு, காற்றடிக்கும் பம்ப், யூ.எஸ்.பி. ஃபேன். எங்களால் ரூ.7,000 வரைதான் செலவழிக்க முடியும். இவற்றில் எதை வாங்கலாம், எதை விடலாம்? நாங்கள் யோசிக்காத பொருள் ஏதாவது இருக்கிறதா?
– ஓர் ஆசிரியை, கோபி

அன்புள்ள சகோதரிக்கு,

சத்தி ரோட்டில் 26 வருடமாகக் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். பள்ளிக்கூட லீவு விட்டதும் காலை ஆறு, ஏழு மணிக்கு எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணா, டூர் வந்த இடத்தில் வண்டி செல்ஃப் எடுக்கலை. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வருது." விசாரித்தால் வண்டியில் ஒரு கோளாறும் இருக்காது. ராத்திரி முழுக்கப் பாட்டோ, ஃபேனோ, ஃப்ரிட்ஜோ ஓடியிருக்கும். பேட்டரி காலியாகியிருக்கும். சின்னக் குழந்தைகளோடு, தெரியாத ஊரில், காலை வெயில் ஏறும் நேரத்தில் அப்படி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால் உங்கள் மகனின் பட்டியலை நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் பார்த்தேன்: இந்தப் பொருள் ராத்திரியில் கார் பேட்டரியைத் தொடுமா, தொடாதா?

கணக்கு சின்னதுதான், தம்பியையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் 35 ஏ.எச். (ஆம்பியர் மணி) அளவில்தான் பேட்டரி இருக்கும். உங்கள் பேட்டரியின் மேல் ஸ்டிக்கரில் அந்த எண் அச்சாகியிருக்கும், பானெட்டைத் திறந்து பாருங்கள். ஓர் ஆம்பியர் வீதம் இழுத்தால் 35 மணி நேரம் தாங்கும் என்று அதற்குப் பொருள். ஆனால் அது காகிதக் கணக்கு. கார் பேட்டரி, இன்ஜினைக் கிளப்ப ஒரு சில நொடிக்குப் பெரிய மின்சாரம் கொடுப்பதற்காகச் செய்தது. பாதிக்கு மேல் இறங்கினால் செல்ஃப் மோட்டாரைச் சுற்றுவதே சந்தேகம். இரண்டு, மூன்று தடவை அடியோடு இறக்கினால் பேட்டரியின் ஆயுளும் போய்விடும்.

இப்போது மினி ஃப்ரிட்ஜைப் பாருங்கள். மலிவாகக் கிடைப்பவை 48 வாட், அதாவது 12 வோல்ட்டில் 4 ஆம்பியர். எட்டு மணி நேரம் ஓடினால் 32. பேட்டரி முடிந்தது. அப்படியும் அது உண்மையான ஃப்ரிட்ஜ் இல்லை. கம்ப்ரஸர் கிடையாது. வெளியே இருக்கும் வெப்பத்தைவிட 15, 20 டிகிரி குறைக்கும், அவ்வளவுதான். ஹம்பியில் ஏப்ரல் மாத மத்தியானம் 38 டிகிரி அடித்தால் பெட்டிக்குள் 20 டிகிரி இருக்கும். அதில் பால் கெட்டுப்போகும்.

அதற்குப் பதில் மீன் கடையில் பயன்படுத்துகிற தெர்மாகோல் பெட்டி ஒன்று வாங்குங்கள், ரூ.200 இருக்கும். கிளம்புவதற்கு முதல் நாளே இரண்டு, மூன்று கெட்டியான பாட்டில்களில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். தண்ணீர் உறையும்போது விரியும் என்பதால் முழுக்க ஊற்றாதீர்கள். அந்தப் பாட்டில்களைப் பெட்டியின் அடியில் அடுக்கி, மேலே மோர், பழம், பிள்ளைகளின் மருந்து ஏதாவது இருந்தால் அது. மூடியின் விளிம்பில் பழைய துண்டு ஒன்றைச் சுற்றிவிட்டால் மறுநாள் வரைக்கும் குளிர்ச்சி நிற்கும். உருகியதும் குடிக்கத் தண்ணீராச்சு.

கெட்டிலையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். கார் சாக்கெட்டில் சொருகும் கெட்டில் 120 வாட்தான் இழுக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க முக்கால் மணி நேரம் ஆகும், சூடு வெளியே போவதைச் சேர்த்தால் அதற்கும் மேலே. சாக்கெட் தாங்குவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். போன வருடம் ஒருவர் வண்டி கொண்டுவந்தார். கெட்டில் போட்டதும் ஃப்யூஸ் போயிருக்கிறது. யாரோ வழியில் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஜிகினாத் தாளைச் சுருட்டி ஃப்யூஸுக்குப் பதிலாகச் சொருகிக் கொடுத்திருக்கிறார்கள். அவரும் மறுபடி கெட்டிலைப் போட்டிருக்கிறார். நான் டேஷ்போர்டைக் கழற்றியபோது சாக்கெட்டின் பின்பக்கம் உருகி, பக்கத்தில் போகும் மூன்று ஒயர்களின் மேல் தோல் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. இன்னும் ஐந்து நிமிடம் ஓடியிருந்தால் வண்டியே எரிந்திருக்கும்.

அதனால் உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு பொருளைச் சேர்க்கிறேன்: கார் ஃப்யூஸ். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. வகைக்கு இரண்டு வாங்கினாலும் ஐம்பது, அறுபது ரூபாய்தான். ஃப்யூஸ் பெட்டி எங்கே இருக்கிறது என்று காரோடு வந்த புத்தகத்தில் பார்த்து, உங்கள் கணவர் ஒரு முறை கழற்றி மாட்டிப் பழகட்டும். நீலம் போனால் நீலமே போட வேண்டும். மஞ்சள் வேண்டாம், கம்பி வேண்டவே வேண்டாம். வெந்நீருக்கு ஒரு லிட்டர் ஸ்டீல் ஃபிளாஸ்க் போதும். ராத்திரி சாப்பிட்ட ஓட்டலிலேயே பிடித்துக்கொண்டால் காலையில் பாப்பாவுக்குப் பால் கலக்கும் அளவுக்குச் சூடு இருக்கும்.

இன்வெர்ட்டர் உங்களுக்குத் தேவையில்லை. லேப்டாப்பில் வேலை பார்த்தே ஆக வேண்டியவர்களுக்குத்தான் அது. மிக்ஸி, இண்டக்ஷன் அடுப்பு எல்லாம் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1,500 வாட் இண்டக்ஷனுக்கு 12 வோல்ட்டில் 125 ஆம்பியர் வேண்டும். சாக்கெட்டின் ஃப்யூஸ் 15.

சரி, அப்படியானால் ராத்திரி ஃபேன்? அதற்குத்தான் பவர் பேங்க். 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்றில் சேமிப்பு 74 வாட் மணி. நஷ்டம் போக 60 கைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 வாட் யூ.எஸ்.பி. ஃபேன் அதில் 12 மணி நேரம் ஓடும். இரண்டு ஃபேன் போட்டால் ஆறு மணி நேரம். கார் பேட்டரி தொடப்படாமல் அப்படியே இருக்கும். இந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒரு பவர் பேங்க் இருக்கிறது, உங்களிடமும் இருக்கும் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் கெட்டிலுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் ஒதுக்கிய பணத்தை இதில் போடுங்கள்.

ஒரே ஒரு சிக்கல் உண்டு. பழைய கார்களில் இருக்கும் யூ.எஸ்.பி. துளையில் பாட்டுக் கேட்கும் அளவுக்குத்தான் மின்சாரம் வரும். அதில் சொருகினால் பவர் பேங்க் நிறையப் பகல் முழுக்க ஆனாலும் போதாது. 12 வோல்ட் சாக்கெட்டில் சொருகும் ஃபாஸ்ட் சார்ஜர், 30 வாட் அளவில், ரூ.500-க்குக் கிடைக்கிறது. வண்டி ஓடும் ஐந்தாறு மணி நேரத்தில் பவர் பேங்க் நிறைந்துவிடும். நிறுத்திவிட்டுக் கோயில் பார்க்கப் போகும்போது பவர் பேங்கை டேஷ்போர்டு மேல் வெயிலில் விட்டுப் போகாதீர்கள். லித்தியம் பேட்டரிக்கு அந்தச் சூடு ஆகாது. கைப்பையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

உங்கள் மகன் பட்டியலில் மிக நல்ல பொருள் காற்றடிக்கும் பம்ப்தான். அவனைப் பாராட்டினேன் என்று சொல்லுங்கள். ரூ.1,500 முதல் 2,000 வரை வரும். டிஜிட்டலாக எண் காட்டி, நாம் வைத்த அளவு வந்ததும் தானே நிற்பதாக வாங்குங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆள் குறைவாக இருந்தால் எவ்வளவு காற்று, முழு பாரத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். நான்கு பேர், ஐந்து நாள் சாமான் என்றால் நீங்கள் பார்க்க வேண்டியது முழு பாரத்தின் எண். காலையில் வண்டி நகர்வதற்கு முன்னால், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டு, வால்வின் கறுப்பு மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு (கீழே வைத்தால் தொலையும்), முனையைச் சொருகும்போது "புஸ்" என்று கொஞ்சம் காற்று போகும், பயப்பட வேண்டாம். எண் செட் செய்து பட்டனை அமுக்கினால் ஒரு டயருக்கு இரண்டு, மூன்று நிமிடம். பம்ப் கை பொறுக்காத அளவுக்குச் சுட்டால் பத்து நிமிடம் ஓய்வு கொடுங்கள். திம்பம் ஏறி முடித்ததும் அளந்து பார்த்தால் எண் கூடியிருக்கும். அது சூட்டினால் வந்தது, காற்றை இறக்கிவிடாதீர்கள்.

கூடவே ரூ.300-க்கு டியூப்லெஸ் பஞ்சர் கிட். ஆனால் டயரில் ஆணி ஏறியது தெரிந்தால் உடனே அதைப் பிடுங்காதீர்கள். ஆணி இருக்கும் வரை அதுவே பாதி ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். காற்றை அடித்துக்கொண்டு அடுத்த ஊர் பஞ்சர் கடை வரை மெதுவாகப் போய்விடலாம். என் அனுபவத்தில் பத்தில் எட்டுப் பேருக்கு இதுவே போதுமானதாக இருந்திருக்கிறது. கிட்டைத் திறக்கும் நிலை வந்தால், ஓட்டையை அராவி, கிட்டில் வரும் பிசின் தடவிய கயிற்றைச் சொருக நல்ல தோள்பலம் வேண்டும். உங்கள் ஊர் பஞ்சர் கடையில் பழைய டயர் ஒன்றில் உங்கள் கணவர் ஒரு முறை செய்து பார்க்கட்டும். டயரின் பக்கவாட்டில் ஓட்டை என்றால் கிட்டால் பிரயோஜனம் இல்லை, ஸ்டெப்னிதான். அதனால் ஜாக்கியையும் வீல் ஸ்பேனரையும் சாமானுக்கு அடியில் புதைத்துவிடாதீர்கள். ஸ்டெப்னியிலும் காற்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ராத்திரி டயர் மாற்றும்போது கையில் செல்போன் லைட்டைப் பிடித்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. சத்தியமங்கலம் பக்கம் விடிவதற்கு முன்னால் மல்லிகைப்பூ பறிக்கிறவர்கள் நெற்றியில் கட்டிக்கொள்ளும் லைட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் இரண்டு, ஒவ்வொன்றும் ரூ.300, 350. பாத்ரூம் தேடிப் போக, கீழே விழுந்த செருப்பைத் தேட, எல்லாவற்றுக்கும் அதுதான். பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று கேட்பார்கள், வாங்கிக் கொடுத்துவிடுங்கள், இருட்டுப் பயமும் போகும். ஒளிரும் பட்டை வைத்த ஜாக்கெட் ஒன்று ரூ.100. வண்டியோடு வந்த முக்கோணப் பலகை டிக்கியில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்துச் சொல்வதை நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். காரில் தூங்கும்போது இன்ஜின் ஓடக் கூடாது. ஏ.சி.க்காகப் பத்து நிமிடம் கூட வேண்டாம், ஏனென்றால் அந்தப் பத்து நிமிடத்தில்தான் தூக்கம் வரும். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. நின்ற இடத்திலேயே ஓடும் வண்டியின் புகை உள்ளே ஏறினால் தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனில் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். அதில் ஓடிய ஜெனரேட்டரின் புகைதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கிறது, கை அளவுதான் இருக்கும். நீங்கள் இன்ஜினை நிறுத்திவிடுவீர்கள், சரி. பக்கத்தில் வந்து நிற்கும் லாரி? பிள்ளைகள் இருப்பதால் வாங்கிவிடுங்கள் என்றே சொல்வேன். வாங்கியதும் பட்டனை அமுக்கி, தூக்கத்தைக் கலைக்கும் அளவுக்குக் கத்துகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கேஸ் அடுப்பையும் இதே காரணத்துக்காக வேண்டாம் என்கிறேன். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டிக்குள் கேஸ் அடுப்பு வைத்துச் சமைக்கப் போய் 9 பேர் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். காருக்குள் இடம் அதைவிடச் சின்னது. அந்தச் சின்ன கேஸ் டப்பாவின் மேலேயே 50 டிகிரிக்கு மேல் சூட்டில் வைக்காதே என்று போட்டிருக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு அதைத் தாண்டிவிடும். நீங்கள் போகும் வழியெல்லாம் இட்லி, தட்டே இட்லி, தோசை கிடைக்காத ஊரே இல்லை. முதல் நாளுக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டால் போதும்.

இன்ஜினை நிறுத்திவிட்டால் காற்று எப்படி வரும்? கண்ணாடியை எதிரெதிர்ப் பக்கம் இரண்டு, மூன்று அங்குலம் இறக்கிவிடுங்கள். முழுக்க மூடினால் நான்கு பேர் மூச்சில் விடியும்போது கண்ணாடியில் தண்ணீர் வழியும், தலை கனக்கும். திறந்தால் கொசு வருமே என்றால், அதற்குக் கார் ஜன்னல் வலை இருக்கிறது. தலையணை உறை போல, கதவைத் திறந்து மேலிருந்து கதவின் சட்டத்தில் மாட்டி இழுத்துவிட வேண்டியதுதான். நான்கு ஜன்னலுக்கும் சேர்த்து ரூ.500, 600 ஆகும். காந்தம் வைத்து ஒட்டுவதைவிட இதுதான் நல்லது, காற்றடித்தால் அது நழுவுகிறது. நீங்கள் தையல் தெரிந்தவர் என்றால் நைலான் கொசுவலையும் எலாஸ்டிக்கும் வாங்கி வீட்டிலேயே தைத்துவிடலாம். பகலில் இதுவே பாப்பா பக்கம் வெயிலையும் கொஞ்சம் தடுக்கும்.

காற்று மெத்தை வேண்டாம். மலிவானது இரண்டாவது ராத்திரி காற்று இறங்கும், ஒருவர் புரண்டால் மற்றவர் எகிறுவார். மடக்கிய சீட்டுகளுக்கு நடுவில் இருக்கும் பள்ளம்தான் முதுகுக்கு எதிரி. வீட்டில் இருக்கும் போர்வைகளை மடித்து அந்தப் பள்ளத்தை நிரப்பி, மேலே ஒரு ஜமக்காளம், அதற்கு மேல் மெல்லிய மடக்கு மெத்தை. செலவே இல்லை. ஆனால் நான்கு பேரும் கால் நீட்டிப் படுக்க 7 சீட் காரில் இடம் போதாது, இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் உங்கள் கணவர், நீங்கள், பாப்பா. மகன் முன் சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொள்ளட்டும், அந்த வயதில் அது சந்தோஷம்தான். யாருடைய தூக்கம் கெட்டாலும் மறுநாள் வண்டி ஓட்டுகிறவர் தூக்கம் கெடக் கூடாது.

தண்ணீருக்கு 10 லிட்டர் கேன், அதன் வாயில் மாட்டும், சார்ஜ் போட்டு ஓடும் தண்ணீர் பம்ப், அதுவும் ரூ.300-தான். கேனைச் சாய்த்து ஊற்றும் வேலை இல்லை. கேனைச் சீட்டின் காலோடு கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு, கட்டாத கேன் பிள்ளைகள் மேல் உருளும். கண்ணாடி உடைக்கும் சின்னச் சுத்தியல் ரூ.150, சீட் பெல்ட் அறுக்கும் கத்தியும் அதிலேயே இருக்கும். ஓட்டுகிறவர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். முன் கண்ணாடியில் அடித்தால் விரிசல்தான் விழும், பக்கக் கண்ணாடியின் மூலையில் அடிக்க வேண்டும். ஜம்ப் கேபிள் ரூ.500-க்குப் பார்க்கலாம். தொட்டால் பிளாஸ்டிக் மட்டும் தடிமனாக, உள்ளே கம்பி மெல்லிசாக இருப்பதை வாங்காதீர்கள்.

எல்லாம் சேர்த்துப் பார்த்தேன், பவர் பேங்கும் ஃபிளாஸ்க்கும் ஏற்கெனவே இருந்தால் ஏறக்குறைய உங்கள் ஏழாயிரத்துக்குள் அடங்குகிறது. விலை கடைக்குக் கடை மாறும். பணம் இடித்தால் ஜம்ப் கேபிளையும் தண்ணீர் பம்ப்பையும் விடுங்கள். ஜன்னல் வலையையும் அலாரத்தையும் விடாதீர்கள்.

எங்கே நிறுத்துவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஹைவே ஓரத்தில் ஒருபோதும் வேண்டாம். நின்ற வண்டியின் பின்னால் தூக்கக் கலக்கத்தில் வந்து மோதும் லாரிகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். 24 மணி நேரப் பெட்ரோல் பங்க்கில், டீசல் போட்டுவிட்டு லாரிக்காரர்கள் படுத்திருக்கும் இடமாகப் பார்த்து, அங்கே இருப்பவரிடம் கேட்டுவிட்டு, வெளிச்சம் விழும் பக்கமாக நிறுத்துங்கள். பாத்ரூமும் இருக்கும். லாரிகளின் வாலுக்குப் பின்னால் மட்டும் நிற்காதீர்கள், புகை உங்கள் ஜன்னலுக்கே வரும். திம்பம் மலைக்கு அடிவாரமான பண்ணாரியில் இரவு 9 மணி முதல் காலை 6 வரை செக்போஸ்ட்டில் விடமாட்டார்கள். அது புலிகள் காப்பகம், வழியில் இறங்கிச் சாப்பிடுவது, போட்டோ எடுப்பது எதுவும் வேண்டாம், யானை எந்த வளைவில் நிற்கும் என்று சொல்ல முடியாது. காலை ஆறரைக்குப் பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு ஏறினால் சரியாக இருக்கும். திரும்பி வரும்போது இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே வாருங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் கருகல் வாசனை வரும்.

அப்புறம், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், ஒரு சனிக்கிழமை ராத்திரி, உங்கள் வீட்டு வாசலிலேயே காரை நிறுத்தி நான்கு பேரும் அதில் படுத்துப் பாருங்கள். வலை மாட்டி, ஃபேன் போட்டு, நெற்றி லைட்டை அணைத்து, எல்லாம் நிஜமாகவே. எந்தப் பக்கம் கொசு வருகிறது, எந்தப் போர்வை போதவில்லை, பவர் பேங்க் எத்தனை மணிக்கு நின்றது என்று மகன் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் சாவியைத் திருப்புங்கள். தயங்காமல் செல்ஃப் எடுத்தால் உங்கள் ஏற்பாடு சரி. கொஞ்சம் இழுத்து, திணறி எடுத்தால் ஹம்பிக்கு முன்னால் வண்டியை ஒரு முறை என் பட்டறைக்கோ, பக்கத்தில் இருக்கும் எந்த எலக்ட்ரீஷியனிடமோ கொண்டுபோய் பேட்டரியைச் சோதித்துவிட்டுக் கிளம்புங்கள்.